செத்துப்போனவர்களை மீட்கப் போன எண்பது பேர்

மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டி மோரே என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் உண்டு, தமிழ்ச் சங்கம் உண்டு, இட்லி தோசை உண்டு. 1960களில் பர்மாவில் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது அங்கிருந்து கிளம்பிவந்த தமிழர்களில் சிலருக்குத் தமிழ்நாட்டில் கால் ஊன்ற முடியவில்லை. தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று இந்த எல்லை வரை வந்தார்கள். பர்மா உள்ளே விடவில்லை. பின்னால் போகவும் மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் கட்டியதுதான் அந்தக் கோயில்.

மோரேவுக்கு எதிர்ப்பக்கம், எல்லை தாண்டினால் தமு. 1891 மார்ச் 28 காலையில் அந்தத் தமுவிலிருந்து ஒரு இளம் வெள்ளைக்கார லெப்டினென்ட் எண்பது சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு இம்பாலைப் பார்த்து நடந்தார். இன்று மோரேயிலிருந்து இம்பாலுக்குப் போகும் வண்டிகள் மலையேறி, பல்லேல், கொங்ஜோம், தௌபால் என்று ஊர் ஊராகக் கடந்து போகின்றனவே, ஏறக்குறைய அதே வழி. சுமார் 110 கிலோமீட்டர். அவர் பெயர் சார்லஸ் ஜேம்ஸ் வில்லியம் கிராண்ட். வயது 29. இரண்டே மாதத்தில் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவத்தில் வீரத்துக்குக் கொடுக்கும் பதக்கங்களில் அதற்கு மேல் ஒன்று கிடையாது.

பதக்கத்தோடு அரசிதழில் வெளியாகும் குறிப்பை வாசிப்பது எனக்குப் பிடித்த வேலை. நாலு வரிக்குள் ஒரு மனிதனின் உயிர்ப்பயத்தை அடக்கிவிடுவார்கள். கிராண்டுக்கான குறிப்பு 1891 மே 26 அன்று வந்தது. அதன் சாரம் இது: மணிப்பூரில் நேர்ந்த பேரழிவை மார்ச் 27 அன்று கேள்விப்பட்டதும், அங்கே சிறைப்பட்ட பிரிட்டிஷாரை மீட்க 80 சுதேசிச் சிப்பாய்களுடன் தானே முன்வந்தார், அஞ்சாமல் முன்னேறி மணிப்பூருக்கு அருகிலுள்ள தௌபாலைப் பிடித்தார், பெரும் எதிரிப்படைக்கு எதிராக அதைத் தக்கவைத்தார், தன் துணிவாலும் சமயோசிதத்தாலும் சிப்பாய்களுக்கும் அதே வீரத்தை ஊட்டினார்.

எல்லாம் உண்மைதான். ஆனால் குறிப்பில் இல்லாத ஒன்று உண்டு. அவர் மீட்கப் போன அதிகாரிகள், அவர் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே செத்துப்போயிருந்தார்கள்.

அந்தப் பேரழிவு என்ன என்று பார்க்காமல் இந்தப் பதக்கம் புரியாது. மணிப்பூர் அப்போது ஆங்கிலேயரின் நட்பு நாடு. எதிரியாக இருந்ததே இல்லை என்றே சொல்லலாம். 1879இல் நாகர்கள் கோஹிமாவை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயரைக் காப்பாற்றப் போனது மணிப்பூர்ப் படை. அதில் போன இளவரசர்களில் ஒருவர் திகேந்திரஜித். 1886இல் மகாராஜா சந்திரகீர்த்தி இறந்தபின் மூத்த மகன் சூரச்சந்திரர் பட்டத்துக்கு வந்தார். அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. 1890 செப்டம்பரில் தம்பிகள் அரண்மனையைப் பிடித்துக்கொண்டார்கள். சூரச்சந்திரர் பயந்துபோய் ஆங்கிலேயப் பிரதிநிதி வீட்டில் ஒதுங்கி, பட்டத்தைத் துறந்துவிட்டு ஊரைவிட்டே போனார். அடுத்த தம்பி குலச்சந்திரர் ராஜாவானார். ஆனால் சேனாபதியாக இருந்த திகேந்திரஜித்தான் உண்மையில் ஆண்டார் என்று ஊருக்கே தெரியும்.

கல்கத்தாவில் வைஸ்ராய் அரசு ரொம்ப யோசித்து ஒரு விநோதமான முடிவுக்கு வந்தது. கவிழ்ப்பால் வந்த புது ராஜாவை ஏற்றுக்கொள்ளலாம்; கவிழ்ப்பை நடத்திய திகேந்திரஜித்தை மட்டும் பிடித்து நாடு கடத்த வேண்டும். ராஜாவை அங்கீகரித்துவிட்டு, அவரை ராஜாவாக்கியவனைத் தண்டிப்பது. சரி, பிடிப்பது எப்படி? தர்பாருக்கு அழைத்து, அங்கே வைத்துக் கைது செய்வது. விருந்துக்குக் கூப்பிட்டு விலங்கு மாட்டுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் திட்டம்.

இதை நிறைவேற்ற அஸ்ஸாமின் தலைமைக் கமிஷனர் ஜேம்ஸ் வாலஸ் குவின்டன் சுமார் 400 கூர்க்கா சிப்பாய்களுடன் 1891 மார்ச் 22 அன்று இம்பால் வந்து சேர்ந்தார். அன்றைக்கே தர்பார். மகாராஜாவும் இளவரசர்களும் பிரதிநிதி வீட்டு வாசல் வரை வந்துவிட்டார்கள். திகேந்திரஜித்தும் வந்தார். ஆனால் உள்ளே படித்துக்காட்ட வேண்டிய உத்தரவின் மணிப்பூரி மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை! வெயிலில் வாசலில் காத்திருந்த இளவரசர், உள்ளே சிப்பாய்கள் நிற்கும் தோரணையைப் பார்த்தாரோ என்னவோ, திரும்பிப் போய்விட்டார். மறுபடி கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். மறுநாளும் யாரும் வரவில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் வேகமாக எழுதியிருந்தால் இந்தக் கதையே வேறாகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

24ஆம் தேதி விடியற்காலையில் கூர்க்காக்கள் காங்லா கோட்டைக்குள் இருந்த திகேந்திரஜித் வீட்டைத் தாக்கினார்கள். அவர் அங்கே இல்லை. மணிப்பூர்ப் படை திருப்பியடித்தது. பகல் முழுதும் சண்டை. சாயங்காலத்துக்குள் பிரதிநிதி வீடே குண்டுமழைக்குள் வந்துவிட்டது. சண்டை நிறுத்தம் கேட்டு குவின்டன், பிரதிநிதி பிராங்க் கிரிம்வுட், கர்னல் ஸ்கீன், கூட இன்னும் இரண்டு அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்குக் கோட்டைக்குள் போனார்கள். திரும்பிவரும்போது கூட்டம் சூழ்ந்துகொண்டது. கிரிம்வுட்டை ஈட்டியால் குத்தினார்கள். அவர் திகேந்திரஜித்தோடு வேட்டைக்கெல்லாம் போன நண்பர். மற்ற நால்வரையும் கோட்டைவாசலில் இருந்த காங்லா ஷா சிங்கச் சிலைகளுக்கு எதிரே கொண்டுபோய் வெட்டினார்கள்.

வெளியே பிரதிநிதி வீட்டில் மிச்சமிருந்த படை அன்றிரவே ஊரைவிட்டு நழுவி, காச்சார் பக்கம் மலையேறியது. கிரிம்வுட்டின் மனைவி எதெல் அவர்களோடு நடந்தார். கணவர் இறந்தது அப்போது அவருக்குத் தெரியாது. பின்னால் இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரை மணிப்பூரின் வீராங்கனை என்று கொண்டாடின. பின்வாங்கிய படையின் இரண்டு அதிகாரிகள் மட்டும் விசாரணைக்குப்பின் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்த இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராண்டின் பதக்கத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டு.

இப்போது தமு. இம்பாலுக்கு வெளியே லாங்தோபாலில் ஒரு சிறு கூர்க்காக் காவல் இருந்தது. 43வது கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்த முப்பத்துச் சொச்சம் பேர், அவர்களுக்குத் தலைவர், ஜமாதார் என்ற சுதேசி அதிகாரிப் பதவியில் இருந்த பீர்பல் நாகர்கோட்டி. பிரதிநிதி வீடு வீழ்ந்தது தெரிந்ததும் அவர் என்ன செய்திருக்கலாம்? சரணடைந்திருக்கலாம், பயந்து சிதறியிருக்கலாம். ஒரு வெள்ளை அதிகாரியும் கூட இல்லை. அவர் ஆட்களைச் சிதறாமல் சேர்த்துப்பிடித்து, எதிரி நாட்டுக்குள்ளேயே நடந்து, மலை தாண்டித் தமு வந்து சேர்ந்தார். கிராண்டுக்குச் செய்தி கிடைத்ததே இவர்களால்தான். கிராண்ட் கிளம்பியபோது கூடப் போன எண்பது பேரில் முப்பது பேர் இதே கூர்க்காக்கள். அதாவது, எந்த நரகத்திலிருந்து தப்பிவந்தார்களோ அதற்கே சூடு ஆறுமுன் திரும்பி நடந்தவர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முதல் வீரச்செயல் இதுதான். அரசிதழ்க் குறிப்பில் அது ‘கேள்விப்பட்டதும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

மீதி ஐம்பது பேர் கிராண்டின் சொந்தப் பட்டாளம். மலைப்பாதையில் இடையிடையே மணிப்பூர்க் காவல்களை விரட்டியபடி போய், மார்ச் 31 அன்று தௌபாலை அடைந்தார்கள். இம்பாலுக்கு இன்னும் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். அங்கே சுமார் 800 பேர் காவலிருந்ததாக ஆங்கிலேயர் கணக்கு. ஒருவருக்குப் பத்துப் பேர். அந்தக் காவலை உடைத்து ஊரைப் பிடித்தார்கள். மறுநாளே இம்பாலிலிருந்து சுமார் 2000 பேர் இரண்டு பீரங்கிகளுடன் வந்து சூழ்ந்தார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எதிரியின் எண்ணிக்கையைத் தாக்கப்பட்டவர்தான் சொல்கிறார். எதிரே நின்று எண்ணியவர் யாருமில்லை. ஆனாலும் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் இது சாதாரணக் காரியம் அல்ல. கிராண்ட் தரப்பில் மொத்தம் இறந்தது ஒருவர், காயம் நால்வருக்கு. மணிப்பூர்த் தரப்பில் நூற்றுக்கும் மேல் இறந்ததாகச் சொல்லப்பட்டது. இந்த விகிதத்துக்குத் தைரியம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மறைவிடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பயிற்சி பெற்ற கைகள் ஒரே சீராகச் சுடும் துப்பாக்கிகளுக்கு எதிரே திறந்த வயல்வெளியில் வருகிறவர்களின் கதி என்ன என்பது அந்த நூற்றாண்டு முழுக்க ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட கணக்கு.

அப்படியானால் கிராண்டின் துணிவு எங்கே இருந்தது? என் பார்வையில் சுடுவதில் இல்லை, சும்மா இருந்த நேரத்தில் இருந்தது. தோட்டா குறைந்துகொண்டே போகிறது. பின்னால் மலை. அந்த மலையில் தனக்கு உதவி வருகிறதா என்று தெரியாது. முன்னால் இருக்கும் நகரத்தில் தன் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றும் தெரியாது. நடுவில் மணிப்பூர்த் தரப்பிலிருந்து தூது வருகிறது: திரும்பிப் போய்விடு, விட்டுவிடுகிறோம். இந்த இடத்தில்தான் அவர் ஒரு நாடகம் போட்டார். தன்னை லெப்டினென்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தன் பட்டாளத்தின் தளபதி கர்னல் ஹவுலெட்டின் பெயரிலேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கர்னல் வந்திருக்கிறார் என்றால் பின்னாலேயே ஒரு முழுப் பட்டாளமும் வந்திருக்கும் என்று எதிரி நினைக்க வேண்டும், அவ்வளவுதான். தர்பாரிலிருந்து முக்கியமான ஒருவரைப் பிணையாக அனுப்பினால்தான் பின்வாங்குவேன் என்று பேரம் வேறு பேசினார்.

எண்பது பேரோடு நின்றுகொண்டு ஒரு ராஜ்யத்தோடு பேரம்! சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமலே பந்தயத்தை ஏற்றுகிறவனின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமயோசிதம் என்று குறிப்பு சொன்னது இதைத்தான். அவர் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிறகு அச்சில் வந்தன. அவற்றில் இந்த நாட்களைப் பற்றி ஒரு விளையாட்டுப் பையனின் உற்சாகம்தான் தெரிகிறது. பயந்திருக்கவே மாட்டாரா? இருந்திருப்பார். அப்பாவுக்கு எழுதும்போது யார் அதையெல்லாம் சொல்வார்கள்.

ஏப்ரல் 9 அன்று கேப்டன் பிரெஸ்கிரேவ் கூடுதல் ஆட்களுடன் வந்து சேர்ந்தார். கையில் உத்தரவு: பின்வாங்கவும். கிராண்ட் பின்வாங்கினார். தௌபால் கைவிடப்பட்டது. யாரும் மீட்கப்படவில்லை, மீட்க யாரும் இல்லாததால். போர்க் கணக்கில் பார்த்தால் அந்த ஒன்பது நாளின் பலன் ஏறக்குறைய பூஜ்யம்.

அப்புறம் ஏன் இவ்வளவு அவசரமாக இவ்வளவு பெரிய பதக்கம்? இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா என்ற இடத்தில் ஸூலுப் படை ஒரு பிரிட்டிஷ் முகாமையே துடைத்தெறிந்தது. ஆங்கிலேயர் தரப்பில் 1300 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று மாலையும் இரவும் பக்கத்திலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறிய நிலையத்தை நூற்றைம்பது பேர் போல நின்று காப்பாற்றினார்கள். அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் 11 விக்டோரியா கிராஸ். அவர்களும் உண்மையாகவே வீரர்கள்தான். ஆனால் லண்டன் பத்திரிகைகளுக்குத் தோல்வியைத் தவிர வேறொன்று தேவைப்பட்டது என்பதும் உண்மைதான்.

1891இலும் அதே கதை. ஒரு மாகாணத் தலைவரை, அதுவும் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில், தலைவெட்டியிருக்கிறார்கள். 1857க்குப் பிறகு அப்படியொரு அவமானத்தை கல்கத்தா சந்தித்திருக்கவில்லை. அதைவிட மோசம், ஏன் இப்படி ஆயிற்று என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி கிளம்பிவிட்டது. தர்பாருக்குக் கூப்பிட்டுக் கைது செய்வது என்ன நாகரிகம் என்று கேட்டார்கள். விக்டோரியா ராணிக்கே அது உறுத்தியது. இந்தியத் துறையின் துணை அமைச்சர் சர் ஜான் கோர்ஸ்ட் எழுந்து அரசைக் காப்பாற்றப்போய், சொந்தப் புத்தியுள்ள திறமைசாலிகளை அரசுகள் எப்போதும் விரும்பியதில்லை, அடங்கி நடக்கும் சுமாரானவர்களைத்தான் விரும்பும் என்கிற மாதிரிப் பேசிவைத்தார். திகேந்திரஜித்தை ஏன் அகற்ற நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை எதிரிகூடக் கொடுத்திருக்க முடியாது. அரசு நெளிந்தது.

இந்தச் சூழலில் ஒரு பக்கம் 80 பேரோடு முன்னால் நடந்த கிராண்ட். இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய படையோடு ராத்திரியில் பின்னால் நடந்த இரண்டு அதிகாரிகள். ஒருவருக்குப் பதக்கம், இருவருக்கு வேலைபோயிற்று. கதை சுலபமாகிவிட்டது: திட்டத்தில் கோளாறு இல்லை, ஆட்களில்தான் கோளாறு, சரியான ஆள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. தர்பார் சூழ்ச்சியைப் பற்றிய கேள்வி அதற்குக் கீழே அமுங்கியது. கிராண்ட் இதற்கு உடந்தை என்று நான் சொல்லவில்லை. அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். பதக்கம் கொடுத்தவர்களுக்குத்தான் இரண்டு வேலை இருந்தது.

கூட நடந்த எண்பது பேருக்கு என்ன கிடைத்தது? அவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பதக்கம் கொடுத்தார்கள். ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் இப்படிக் கொடுப்பது மிக அபூர்வம். அந்த வகையில் அரசு கஞ்சத்தனம் காட்டவில்லை. ஆனால் அது விக்டோரியா கிராஸ் அல்ல. 1856இல் விக்டோரியா கிராஸ் தொடங்கியபோது இந்தியச் சிப்பாய்கள் அதற்குத் தகுதியானவர்களாகச் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கென்று 1837இலேயே கம்பெனி ஆரம்பித்த இந்தத் தனிப் பதக்கம் இருந்தது. மூன்று வகுப்புகள். மூன்றாம் வகுப்பில் நுழைந்து, மறுபடி ஒரு வீரச்செயல் செய்தால் இரண்டாம் வகுப்பு, இன்னொன்று செய்தால் முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பாஸ் போடுவது மாதிரி, ஒவ்வொரு தடவையும் உயிரைப் பணயம் வைத்து மேலேற வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். அப்போது காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 7 ரூபாய். ஆக, தௌபாலில் நின்றதற்கு மாதம் 2 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் குடும்பத்துக்கு அந்தப் பணம் பெரிது. இறந்துபோனால் மனைவிக்கும் மூன்று வருஷம் அது கிடைக்கும். எத்தனையோ அதிகாரிகளின் மார்பில் தொங்கிய வெண்கலச் சிலுவையைவிட அடுப்பு எரிய அது உதவியிருக்கும். ஆனால் அரசிதழில் வீரத்தைச் சிப்பாய்களுக்கு ‘ஊட்டினார்’ என்று எழுதியிருந்ததே, அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வீரம் மேலே உற்பத்தியாகி கீழே இறங்கும் பொருள் என்று அந்த ராணுவம் நம்பியது. நாகர்கோட்டி தமுவுக்கு வந்துசேர்ந்தபோது அவருக்கு யார் ஊட்டினார்கள்?

இந்தியர்களுக்கும் விக்டோரியா கிராஸ் உண்டு என்று 1911இல் டெல்லி தர்பாரில்தான் அறிவித்தார்கள். முதலில் பெற்றவர் குதாதாத் கான். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு கடைசிவரை நின்றதற்காக.

இனி அந்த ஐம்பது பேரைப் பற்றி. கிராண்டின் பட்டாளத்தின் பெயரில் ‘மதராஸ்’ இருக்கிறது: மதராஸ் காலாட்படையின் 12வது ரெஜிமென்ட், இரண்டாம் பர்மா பட்டாளம். இந்தப் பெயரைப் பார்த்ததும் திருச்சிக்காரரோ தஞ்சாவூர்க்காரரோ தௌபாலில் நின்றிருப்பார் என்று ஆசையாகத் தேட ஆரம்பித்தேன். ஏமாற்றம்தான். நின்றவர்கள் பஞ்சாபிகள்.

இது எப்படி நடந்தது என்பது தனிக்கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தென்னிந்தியாவைப் பிடித்ததே தமிழ், தெலுங்குச் சிப்பாய்களைக் கொண்டுதான். ஆனால் 1880களில் ஒரு புதுத் தத்துவம் கிளம்பியது. சில சாதிகளுக்கும் வட்டாரங்களுக்கும் மட்டுமே போர்க்குணம் உண்டு. வடக்கே போகப் போக வீரம் கூடும், தெற்கே வர வரக் குறையும். இதை வலுவாகப் பேசியவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். அதன்பின் 1893 வரை இந்தியா முழுவதற்கும். அவரும் ஒரு விக்டோரியா கிராஸ்காரர்தான். நீண்ட அமைதியில் தென்னிந்தியர்கள் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்பது அவர் தீர்ப்பு. அதன் விளைவாக மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார்கள். பர்மாவில் இருந்த பட்டாளங்களில் பஞ்சாபிகளையும் கூர்க்காக்களையும் சேர்த்தார்கள். 1903இல் அந்தப் பெயர்ப்பலகையும் இறங்கி, 12வது மதராஸ் என்பது 72வது பஞ்சாபிகள் ஆயிற்று.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மணிப்பூரிகளைப் பற்றியும் அந்தத் தத்துவத்துக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனால் எண்பது பேரை ஒன்பது நாள் எதிர்த்து நின்றவர்களும், அதற்கு முன்னால் 400 கூர்க்காக்களை ஒரே பகலில் பின்வாங்க வைத்தவர்களும் அவர்கள்தான்.

மூன்று பக்கமிருந்து படை திரட்டி, ஏப்ரலில் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள்: கோஹிமாவிலிருந்து ஒன்று, சில்சாரிலிருந்து ஒன்று, தமுவிலிருந்து ஒன்று. தமுப் படையோடு கிராண்டும் மறுபடி அதே வழியில் வந்தார். அந்தச் சண்டையில் காயமும் பட்டார். பல்லேலுக்கும் தௌபாலுக்கும் நடுவே கொங்ஜோமில் மணிப்பூர்ப் படை பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்தது. அங்கே மேஜர் பாவனா பிரஜபாசி இருந்தார். இம்முறை ஆங்கிலேயரிடம் பீரங்கியும் இருந்தது, குதிரைப்படையும் இருந்தது. முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த சண்டை அது. கடைசியில் தனியாக நின்ற பாவனாவிடம், எங்கள் பக்கம் வந்துவிடு, பதவி தருகிறோம் என்று ஒரு வெள்ளை அதிகாரி கேட்டதாகவும், அவர் மறுத்துத் தலைப்பாகையை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டியதாகவும் மணிப்பூரில் சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் நானும் எழுத முடியும்; அதற்கு அரசிதழ்க் குறிப்பு கிடையாது.

ஏப்ரல் 27 அன்று காங்லா வீழ்ந்தது. திகேந்திரஜித்தை ஒரு தனி நீதிமன்றம் விசாரித்தது. வக்கீல் வைத்துக்கொள்ள விடவில்லை. கல்கத்தா பாரிஸ்டர் மன்மோகன் கோஷ் அவருக்காக வைஸ்ராய்க்கு நீண்ட மனு எழுதிப் போராடினார். பலனில்லை. 1891 ஆகஸ்ட் 13 அன்று இம்பாலின் போலோ மைதானத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் வெள்ளை உடுத்தி வந்து நிற்க, திகேந்திரஜித்தையும் மணிப்பூரின் முதிய படைத்தலைவர் தங்கால் ஜெனரலையும் தூக்கிலிட்டார்கள். போலோ விளையாட்டே மணிப்பூர் உலகுக்குக் கொடுத்தது. திகேந்திரஜித் அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். குலச்சந்திரர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். ஐந்து வயதுப் பையன் ஒருவனை ராஜாவாக உட்காரவைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராண்ட் புறப்பட்ட தமு இருக்கும் கபாவ் சமவெளி ஒரு காலத்தில் மணிப்பூருடையது. 1834இல் ஆங்கிலேயர் அதை எடுத்து பர்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மணிப்பூர் ராஜாவுக்கு மாதம் 500 ரூபாய் நஷ்டஈடு தந்தார்கள். பிறகு பர்மாவையும் பிடித்தார்கள். அந்த மண்ணிலிருந்துதான் மணிப்பூர் மீது படை வந்தது.

கிராண்ட் பதவி உயர்ந்து கர்னலாகி ஓய்வுபெற்று, 1932இல் இங்கிலாந்தின் சிட்மவுத் என்ற கடலோர ஊரில் இறந்தார். தன் பெயருக்குப் பின்னால் வி.சி. என்ற இரண்டு எழுத்துடன் நாற்பது வருஷம் வாழ்ந்தார். மணிப்பூரில் அந்தப் போரை வைத்திருப்பது எழுத்து அல்ல, பாட்டு. லெய்னோ என்ற சலவைத் தொழிலாளி கொங்ஜோம் சண்டையைப் பாட்டாகக் கட்டி, பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் பாடினார் என்கிறார்கள். கொங்ஜோம் பர்வா என்று அதற்குப் பெயர். டின் போய் டோலக் வந்தது. பாடுகிறவர்களில் இப்போது பெண்கள் அதிகம். ஒவ்வொரு ஏப்ரல் 23ஆம் தேதியும் கொங்ஜோமில் கேபா மலையடிவாரத்தில் கூட்டம் கூடும். தமுவிலிருந்து வரும் சாலை அந்த மலையை ஒட்டித்தான் போகிறது.